திரையில் ஏறிய துடிப்பு

லிஃப்ட் பழுதானதால் படியேறி வந்த உடற்கல்விப் பேராசிரியர், துடிப்பை அளக்கும் நெஞ்சு பெல்ட்டை மாட்டும் விதத்தைச் செய்துகாட்டிவிட்டு, மாணவி ஒருத்தியை ட்ரெட்மில்லில் ஏறச் சொன்னார்.

"சார், வந்து..."

"பேசாதே, மூச்சு வீணாகும். நட!"

அவள் நடந்தாள். திரையில் துடிப்பு நூற்றைம்பதைத் தொட்டது.

"உடற்பயிற்சி அறிவியல் படிக்கிறே. நாலடி நடக்கிறதுக்குள்ள இதயம் இப்படி அடிச்சிக்குதே, வெக்கமா இல்ல?"

அவர் கத்தக் கத்த எண் ஏறியது.

"இறங்கும்மா! மயங்கி விழுந்து என் வேலைக்கு உலை வெச்சிடாதே."

அவள் இறங்கி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாள். எண் இன்னும் ஏறியது.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன். பெல்ட்டை நீங்க இன்னும் கழட்டவே இல்ல."

பேராசிரியர் சட்டைக்குள் தடவிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு முதலுதவிப் பாடம் நடத்திடலாம். முதல்ல எனக்கு ஒரு நாற்காலி போடுங்க."