கம்பில்லா உழவு

நடு வயலில் மயிலைக்காளை படுத்துவிட்டது.

நுகத்தடி ஒரு பக்கம் சாய்ந்தது. அதோடு பூட்டிய செவலை கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த மூன்று ஏர்களும் சேற்றுக்குள் அப்படியே நின்றுபோயின.

ஆனி மாசம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து, சீவலப்பேரி முழுக்கக் கார் நெல் நடவுக்கு உழவு நடந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் இந்த வயலை முடித்தாக வேண்டும். நாளைக்கு மடைத் தண்ணீர் அடுத்தவன் முறை.

முன் ஏரைப் பிடித்திருந்த பரமசிவன் நாக்கைச் சொடுக்கினான். வாலைத் திருகினான். பேரைச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தான்.

மயிலை அசைபோட்டது.

இரண்டு மாதமாக ஆவுடைத்தாய் ஆச்சியின் பண்ணையில் மாட்டை யாரும் அடிப்பதில்லை. ஆச்சியின் உத்தரவு அது.

எல்லாம் சித்திரையில் அவளுடைய தம்பி மகன் குற்றாலலிங்கம் வந்து சேர்ந்ததிலிருந்துதான். பதினாறு வயசுப் பையன். டவுனில் கலவரம் நடந்தபோது பள்ளிக்கூடத்துப் பையன்களோடு அவனையும் பிடித்துப்போய், இரண்டு நாள் போலீஸ் டாணாவில் வைத்திருந்தார்களாம். பிடிபட்ட பையன்களுக்கெல்லாம் பிரம்படி என்று பேச்சு. வீட்டுக்கு வந்தவன் புத்தகத்தைத் தொடவில்லை. சோறும் இறங்கவில்லை. பேச்சும் நின்றுவிட்டது. மாட்டோடும் மண்ணோடும் கிடந்தாலாவது பிள்ளை தேறட்டும் என்று தகப்பனார் அக்காவிடம் அனுப்பிவைத்தார்.

பிரம்படி பட்ட பிள்ளை, இவன் காதில் அடிக்கிற சத்தமே விழக்கூடாது என்று ஆச்சி வேலையாட்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். அன்றைக்கே கம்புகளெல்லாம் பரணுக்கு ஏறின.

பிள்ளை தேறத்தான் செய்தான். புல் அறுத்தான். பருத்திக்கொட்டை ஆட்டினான். மாடுகளை ஆற்றில் இறக்கித் தேய்த்துவிட்டான். மயிலைக்குப் பக்கத்தில் தொழுவத்தில் உட்கார்ந்தால் மட்டும் ஒரு கும்பா சோறு உள்ளே போனது.

ஆனாலும் பரமசிவனுக்கு அவன் பிடிபடவில்லை.

மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் சட்டையைக் கழற்ற மாட்டான். முதுகில் தடவச் சொல்லி வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து மூன்று தடவை கொடுத்தாயிற்று. கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. யாராவது பரிவாக ஒரு வார்த்தை பேசினால் எழுந்து போய்விடுவான். பரமசிவன் வேலைச் சலிப்பில் ஏதாவது ஏசினால் மட்டும் நின்று, கடைசி வரைக்கும் கேட்பான்.

இது என்ன பிறவி என்று பரமசிவன் தன் பெண்டாட்டியிடம்கூடக் கேட்டுப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை.

இப்போது பின்னால் நின்ற ஏர்க்காரர்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள். ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் பரமசிவனுக்குத் தலைக்கு ஏறியது.

விறுவிறுவென்று வரப்புக்குப் போனான். பூவரசில் ஒரு கம்பை ஒடித்து, இலையை உருவிப் போட்டுவிட்டு வந்தான்.

குற்றாலலிங்கம் மயிலையின் தலைமாட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அங்கன தள்ளி நில்லுங்க."

அவன் நகரவில்லை.

பரமசிவன் கம்பை ஓங்கினான். ஓங்கிய கம்பு இறங்குவதற்குள் பையன் காளையின் மேல் குப்புற விழுந்துவிட்டான்.

அடி அவன் முதுகில் விழுந்தது.

பழைய சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது.

போலீஸ்காரன் அடித்த முதுகு. அதே இடத்தில் பரமசிவனும் போட்டுவிட்டான். ஆச்சி முகத்தில் எப்படி முழிப்பான்? சேற்றில் மண்டியிட்டு, கிழிந்த துணியை விலக்கினான்.

முதுகில் ஒரு தழும்பு இல்லை.

பெருவிரலால் சேற்றைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே ஒரு தடிப்பு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது.

அது அவன் போட்டது.

காளையின் திமிலில் முகத்தை வைத்தபடியே பையன் பேசினான். இந்த இரண்டு மாதத்தில் அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசிப் பரமசிவன் கேட்டதில்லை.

"என்னய அடிக்கல, அண்ணாச்சி. கல்லெறிஞ்சவன் பேரைச் சொன்னா விட்டுருதோம்னாங்க. அகமது மீரான் பேரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல இருக்கவன்."

பரணுக்கு ஏறிய கம்புகளும், திரும்பி வந்த கிண்ணமும், ஆச்சி கலங்கிய கண்ணோடு சோறு பிசைந்து கொடுத்ததும் பரமசிவனுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து முட்டின. இவன்மேல் இரங்குவதா, இவனைக் காறித் துப்புவதா என்று அவனுக்கே விளங்கவில்லை.

பையன் முதுகைக் காட்டியபடியே கிடந்தான்.

"அவனுக்குப் பன்னெண்டு பிரம்படி. எனக்கு இன்னும் பதினொண்ணு இருக்கு. அடிங்க."



பரமசிவன் குனிந்து ஒரு கை சேற்றை அள்ளினான். கொதித்துக்கொண்டிருந்த அந்தத் தடிப்பின் மேல் பையப் பைய அப்பினான்.

அப்பிவிட்டுப் பார்த்தால், மற்றக் கையில் கம்பு அப்படியே இருந்தது.