ஞாயிற்றுக்கிழமைக் காடை

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் இருங்கோவன். காடை ஒண்டும் பறந்து போகாது."

அன்னலட்சுமி சொல்லிப் பார்த்தாள். யோகலிங்கம் கேட்கவில்லை. விடிந்ததிலிருந்து வாசற்படலைக்கும் விறாந்தைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். மலேரியாவில் கிடந்து எழும்பிய உடம்பு, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மனிசனுக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வருமோ!

எல்லாம் காய்ச்சலில் உளறியதால் வந்த வினை. காடைக் கறி என்றால் இரண்டு வாய் தின்னலாம் என்று அவர் முனகியபோது, சுகம் பார்க்க வந்த முத்தலிப் கட்டிலடியில் நின்றார். அக்கரைக் கிண்ணியாக்காரர், யோகலிங்கத்தின் இளமைக்காலக் கூட்டாளி. தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், உரித்துத் துப்புரவாக்கிய இரண்டு பறவைகள் வாழையிலைப் பொட்டலத்தில் வந்து இறங்குகின்றன.

இரண்டு பேருக்கும் அந்த நாளில் காடைப் பைத்தியம். துறைமுகத்தில் ஸ்டோர் வேலை முடிந்த கையோடு யோகலிங்கம் பாதைப்படகு ஏறி அக்கரைக்குப் போய்விடுவார். அறுத்த வயலின் ஓரம் புதர் மண்டிய பத்தைக்கரையில் வலையைக் கட்டிவிட்டு, முத்தலிப் காடை மாதிரியே குரல் கொடுப்பார். இணைதான் கூப்பிடுகிறது என்று நம்பி ஓடிவந்து விழும். பொழுதுபடுவதற்குள் சாக்கு நிறைந்துவிடும்.

அவ்வளவு காடை கிடந்த இடத்தில் இப்போது ஒரு சத்தம் இல்லை. பாதியைத் தின்றே தீர்த்தார்கள், அதில் இவர்கள் இரண்டு பேருக்கும் பெரிய பங்கு. மிச்சத்தை வயலுக்கு அடித்த மருந்தும் சண்டையும் பார்த்துக்கொண்டன. ரோட்டோரத்துப் பத்தையெல்லாம் எரித்தாயிற்று. எரியாமல் தப்பிய பத்தைக்குள் மிதிவெடி. யார் புதைத்தது என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் மேயப்போன மாடு ஒன்று அங்கே சிதறிப் போனது.

அந்தப் பத்தைக்குள்தான் இவருடைய நாக்குக்காக முத்தலிப் காடை தேடித் திரிகிறார் என்று நினைக்க நினைக்க அன்னலட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

பத்து மணி போல அக்கரைப் பக்கம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. யோகலிங்கம் படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னம், பாதைப்படகு ஓடுதாமோ? ஆரையும் கேட்டுப் பாரன்."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கறிக்கு வழியில்லாமப் போயிடும் எண்டோ அந்தரப்படுறீங்கள்? நீங்கள் ருசியாத் தின்ன அந்த மனிசன் மிதிவெடியில கால் வைக்கோணும், என்ன?"

அவர் திரும்பவும் நடக்கத் தொடங்கினார்.

மத்தியானம் கிட்டத்தான் முத்தலிப் வந்து சேர்ந்தார். சென்றியில் ஆமிக்காரர் சோதனைக்கு மறித்து வைத்திருந்தார்களாம். சத்தம், நேவிக்காரர் கடலுக்குள் போட்ட வெடியாம். யோகலிங்கம் அவரை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பறித்து அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தார். வந்த மனிசனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்குமுன்னே இந்தப் பறப்பா என்று அன்னலட்சுமிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குசினியில் கழுவும்போதுதான் கண்டாள். ஒரு பறவையின் கால் வெட்டுப்படாமல் தப்பியிருந்தது. அந்தக் காலில் சிவப்புத் துணிக்கீற்று ஒன்று. அயல்வீட்டுக் குஞ்சுகளோடு கலந்துவிடாமல் இருக்க, கோழிக்குஞ்சுக்கு அடையாளம் கட்டுவார்களே, அதேதான். பத்தைக் காடைக்கு யார் போய்த் துணி கட்டுவது?

முத்தலிப்பைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். அவருக்கு முகம் செத்துப்போனது.

"காடை எங்க தங்கச்சி இப்ப இரிக்கு? இது எங்கட மகள் ரபீக்காட கோழிக்குஞ்சு. மச்சானுக்குச் சொல்லிப்போடாதீங்க. அவர்ட மனசு உடைஞ்சிடும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் சாப்பாட்டு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பரிமாறினாள். யோகலிங்கம் எலும்பை உறிஞ்சி உறிஞ்சி, "இதெல்லோ மச்சான் காடை" என்று புகழ்ந்து தள்ளினார். முத்தலிப் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். இப்படியும் ஒரு ஏமாளியா என்றிருந்தது அவளுக்கு.

முத்தலிப் படலை தாண்டியதும் அதற்குமேல் அவளால் ஏலவில்லை. "நீங்கள் புகழ்ந்து திண்டது காடையில்லை. கோழிக்குஞ்சு."

"தெரியும்."

கழுவ எடுத்த சட்டியை அவள் கீழே வைத்தாள்.

"காடை திண்டு வளந்தவனுக்கு எலும்பு தெரியாதே? முதல் கிழமை, ருசி வேற மாதிரி இருக்கெண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். அடுத்த நாளே முத்தலிப் வலையைத் தூக்கிக்கொண்டு பத்தைக்கு வெளிக்கிட்டிட்டான். ரபீக்கா காலைக் கட்டிப் பிடிச்சு அழுதுதான் மறிச்சவளாம். ஆள் விட்டுச் சொன்னவள்."

"அப்ப இனி வேண்டாமெண்டு சொல்லுறதுதானே?"

"சொன்னனான். 'ஏன், பிடிக்கேல்லையோ? வேற நல்லதாப் பாக்கிறன்' எண்டான். அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கிறேல்லை. திண்டு புகழுறதுதான் வழி."

யோகலிங்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இப்போதுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

"பொட்டலத்துக்குள்ள உண்மையான காடை இருந்திடுமோ எண்டுதான் அன்னம், ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பயம்."