உம்மாவுக்கு ஒரு போன்

"உம்மா, அந்த போனு பூரா கண்ணாடி. ஒரு தடவை கீழ விழுந்தா கதை முடிஞ்சிரும்னு அவன்கிட்ட சொல்லுங்க."

ஷாகிர் இப்படிச் சொன்னதும், எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த தாஹிர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னான்.

"உம்மா, அவரு கொண்டு வந்தது போனில்ல, செங்கல்லுன்னு நீங்க சொல்லுங்க."

அக்தர் பானு இருவருக்கும் நடுவே பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சிம் போட்டுக் கொண்டுவந்த இரண்டு புதுப் போன்கள். கறுப்பு, மூத்த மகன் ஷாகிர் வாங்கியது. நீலம், இளையவன் தாஹிர் வாங்கியது. தாராவியில் மகள் ராபியாவோடு இருக்கும் அவள், தனக்கு ஒரு நல்ல போன் வேண்டுமென்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து நிமிட இடைவெளியில் இரண்டு வந்து சேர்ந்துவிட்டன.

தனக்கு ஒன்று போதும், எது நல்லது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வெற்றிலையை மடித்தாள்.

ஷாகிருக்குப் பக்கத்துச் சந்திலேயே தோல் பைப் பட்டறை. ஒரு பையின் தையலைத் தடவியே அது எத்தனை வருஷம் உழைக்கும் என்று சொல்கிற விரல்கள். நீலப் போனின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தான். முதுகை அழுத்தினான். லேசாகக் கிறீச்சிட்டது. மூட்டு சரியில்லை என்று உம்மாவிடம் அறிவித்தான். பிறகு தன் கறுப்புப் போனை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விட்டான். டைல்ஸில் மோதித் துள்ளியது, கீறல்கூட இல்லை.

தாஹிர் தள்ளி நெருளில் இருக்கிறான், பக்கத்துப் பேலாப்பூரில் ஆபீஸ். கீழே போடுவதற்கா போன் வாங்குகிறார்கள் என்று உம்மாவைக் கேட்டான். இரண்டு போன்களிலும் ஒரே நேரத்தில் வாட்ஸ்அப்பைத் தட்டினான். நீலம் கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. கறுப்பு கொஞ்சம் யோசித்தது. வீடியோவிலும் அப்படித்தான். தெருவெயிலில் கொண்டுபோய்க் காட்டினான். நீலத்தில் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன, கறுப்பில் அவன் முகம்தான் தெரிந்தது.

"ஏக்தம் ஃபாஸ்ட்டு உம்மா. நீங்களே பாத்தீங்கள்ல."

சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கச் சொன்னான் ஷாகிர். தாஹிர் நீலத்தின் அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மீன் கழுவிக்கொண்டிருந்த ராபியாவைக் கூப்பிட்டு, ஈரக் கையால் இரண்டையும் தொடச் சொன்னார்கள். கறுப்பு அசையவே இல்லை. நீலம், யாருக்கோ தானாகவே போன் போட்டது. ராபியாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பெரிய காக்கா, டீ ஆறுது. சின்னக் காக்கா, நீங்களும் எடுங்க," என்று அண்ணன்மார் முன்னால் இரண்டு கிளாஸ்களை வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் கிளாஸை எடுத்தபின்தான் தம்பி எடுத்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியும் முடிவு வரவில்லை. அக்தர் பானு ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தாள். அது கனம், இது வழுக்குகிறது. இதில் பொத்தான் எங்கே என்றே தெரியவில்லை, அதில் மணிச்சத்தம் பிடிக்கவில்லை. கடைசியில் சொன்னாள்:

"இதெல்லாம் கெடக்கட்டும். போனுன்னா பேசுததுக்குத்தானே. பேசினா நல்லாக் கேக்குதான்னு யாராவது பாத்தியளா?"

தான் பேசிக் காட்டுவதாக ராபியா வந்தாள். அவள் குரல் மெல்லிசு, சரிப்படாது என்று அக்தர் பானு தடுத்துவிட்டாள். தாஹிர் நீலத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போக வேண்டும். ஷாகிர் கறுப்போடு மாடியில் நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. பிறகு தாஹிர் செருப்பை மாட்டினான். ஷாகிர் இரும்பு ஏணியில் ஏறினான்.

மாடியில் மணி அடித்தது. நாலைந்து முறை அடித்த பிறகுதான் ஷாகிர் எடுத்தான். கீழே ராபியாவும் உம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா?" என்றான் ஷாகிர்.

பதில் என்ன வந்ததோ தெரியவில்லை.

"எனக்கும் நல்லாத்தான் கேக்குது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ." சிறிது நேரம் கழித்து, "ரோட்டு ஓரமா நில்லு. வண்டி வருது பாரு."

அதன்பின் மாடியில் சத்தமே இல்லை. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது, இரண்டு போனுமே மட்டம்தான் என்று ராபியா முணுமுணுத்தாள். அப்போது ஷாகிரின் குரல் உடைந்து வந்தது.

"ஒம் மவளை நான் இன்னும் பாக்கவே இல்லியே தாஹிர்."

ராபியா கையிலிருந்த மீன் சட்டியைக் கீழே வைத்தாள். மாடியில் பேச்சு தொடர்ந்தது. இப்போது அவன் மெதுவாகப் பேசினான், சிரித்தான், ஒருமுறை மூக்கை உறிஞ்சினான். இருபது நிமிடமாகியும் யாரும் போனை வைக்கவில்லை.

ராபியா மெல்ல உம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள். "இப்ப எந்த போன எடுத்துக்கிடப் போறீங்க உம்மா?"

"எது கெடைச்சாலும் சரிதான்," என்றாள் அக்தர் பானு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வாப்பா இறந்து பட்டறைப் பங்கில் இருவரும் முறைத்துக்கொண்ட நாளிலிருந்து, நாலு வருஷமாக, ஒருவன் வெள்ளிக்கிழமையும் மற்றவன் ஞாயிற்றுக்கிழமையும்தான் இந்த வீட்டுப் படியேறினார்கள். போன வாரம் இருவரையும் தனித்தனியே பிடித்து, "அவன் ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு மட்டமான போன வாங்கிட்டு வரப்போறானாம்" என்று சொல்லிவைத்தது அக்தர் பானுதான்.