துரு கொஞ்சம் ஜாஸ்தி

"கண்ணாடியில கை வைக்காதீங்க தலைவரே, ரேகை விழுந்துடும். சும்மா குனிஞ்சு பாருங்க."

திரையை ஓரமாக இழுத்துவிட்டுப் பல் டாக்டர் நகர்ந்து நின்றார். கிளினிக்கை அவர் இந்தப் புது இடத்துக்கு மாற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நோயாளிகள் யாரும் இல்லை.

"பாத்தாச்சு. கிளம்பலாமா?" என்றார் தலைவர். அவர் எங்கே பார்த்தார்? தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் என்றதும் கட்சி, கொடி என்று நினைத்துவிட வேண்டாம். குட்டி ரயில் கட்டி ஓட்டுகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவர், பிழைப்புக்கு அச்சகம். பல் டாக்டர் செயலாளர், தையல் மாஸ்டர் பொருளாளர். உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது. ஆனாலும் தலைவர் தன் வீட்டு மாடி அறையில் பதினோரு வருடம் உழைத்துக் கட்டிய ரயில் ஊரைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டுதான் படி இறங்குவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் உடைந்தது. அட்டை மலையும் காகித வீடுகளும் அரை மணி நேரத்தில் கூழாகிவிட்டன. அன்று பூட்டிய அறையை அவர் திறக்கவில்லை. தப்பித்த இன்ஜின்களையும் பெட்டிகளையும் நாளைக் காலை ஓர் ஆள் வந்து அள்ளிக்கொண்டு போக ஏற்பாடு செய்துவிட்டார். அவர் மனைவிதான் தையல் மாஸ்டருக்கு போன் செய்து, "எப்படியாவது அவர் மனசை மாத்துங்க தம்பி. இவர் உம்முனு உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியல," என்று அழாத குறையாகச் சொன்னார்.

"கூரையில துருவைப் பாருங்க," என்று ஆரம்பித்தார் மாஸ்டர். "தகரத்தோட ஓரத்துல மட்டும் எவ்வளவு அழகா இறங்கியிருக்கு. நாம டீத்தூளையும் கோந்தையும் கலந்து எத்தனை நாள் மாரடிச்சோம், இப்படி வந்துச்சா?"

"நிழலைச் சொல்லு," என்றார் டாக்டர். "நடைபாலத்தோட நிழல் தண்டவாளத்து மேல எப்படி மடிஞ்சு விழுது பாரு. நாம எந்த விளக்கைப் போட்டாலும் இப்படி விழுந்ததில்ல."

தலைவர் மூக்கால் ஒரு சத்தம் செய்தார். ஆனால் கழுத்து லேசாகத் திரும்பியது.

"துரு கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாதே என்று டாக்டர் கண்ணைக் காட்டினார்.

"அந்த மரம் ஏன் அங்க நிக்குது? சிக்னலை மறைக்குது. வண்டி ஓட்டுறவன் என்ன, ஜோசியமா பார்ப்பான்?" தலைவர் கண்ணாடிப் பக்கம் வந்துவிட்டார். "கூரையில ஒரு தகரம் மட்டும் நீலம். பெயின்ட் தீந்துபோச்சா? அப்புறம் இந்த ஆளுங்க. பதினஞ்சு பேர் நிக்கிறாங்க, பதினஞ்சு பேரும் தலையைக் குனிஞ்சு உள்ளங்கையைப் பாத்துட்டு நிக்கிறாங்க. ஒரே அச்சுல வார்த்து வரிசையா ஒட்டிட்டாங்க போல. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுற மாதிரி ஒருத்தனையாவது வைக்க வேண்டாமா? என் ஊர்ல ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி நின்னான்."

சொன்னவர் மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் தண்ணீரில் போனவர்கள்.

நல்லவேளையாக வளைவில் ஒரு வண்டி தலைகாட்டியது. எட்டுப் பெட்டிகள். ஒன்றுகூடக் குலுங்காமல் வளைந்து, நடைமேடையை ஒட்டி வந்து, நிற்பதே தெரியாமல் நின்றது.

"சபாஷ்," என்றார் தலைவர். அவரை அறியாமல் வந்த சபாஷ் அது. "கட்டினது யாரு?"

இரண்டு மாதத்தில் ரயிலைப் பற்றி அவர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி. டாக்டர் பரபரப்பை அடக்கிக்கொண்டு, "ஒருத்தர் இல்ல தலைவரே, ஏகப்பட்ட பேர். ஒரு தடவை வெள்ளத்துல மொத்தமா போயிடுச்சாம். மறுபடி முதல்ல இருந்து கட்டியிருக்காங்க," என்றார்.

தலைவர் இன்னும் குனிந்தார். அவர் நெற்றி கண்ணாடியில் போய் இடித்தது. ரேகை விழும் என்று டாக்டரும் இப்போது சொல்லவில்லை.

"டேய் மாஸ்டர், அங்க பாரு. சிக்னல் கேபின் படியில சிவப்புப் பூத்தொட்டி. அதுக்கு அங்க என்ன வேலை? ரயில் ஓடுறதுக்கு அது தேவையே இல்ல. ஆனாலும் வெச்சிருக்காங்க பாத்தியா? ஆசையா செஞ்ச கைடா இது. பதினோரு வருஷத்துல எனக்கு இது தோணவே இல்லையே."

"இப்ப வைக்கலாமே," என்றார் மாஸ்டர், பயந்து பயந்து.

தலைவர் நிமிர்ந்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வர்றவனை வரவேண்டாம்னு நீயே சொல்லிடு. நான் சொன்னா வெக்கமா இருக்கும். முதல்ல கேபின்ல இருந்து ஆரம்பிப்போம். தொட்டி ஒரு மிளகு அளவு இருந்தா போதும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள், அந்த ஏழாவது மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த ரயில் நிலையத்தில், கேபின் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்து பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.