ரெண்டு சீட்டு வண்டி

"வாங்க வந்தவங்ககிட்ட இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்லுதேன் அக்கா. சென்னையில இத வச்சுக்கிட்டு சீரழியணும்."

காரின் மேல் கிடந்த உறையை உருவிக்கொண்டே சொன்னான் ஸ்டான்லி. மேலகரத்தில் அவன் வீட்டு ஷெட்டுக்குள் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. இரண்டே இருக்கை. பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கிக்கொள்ளும்.

"ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அடி தட்டும். பார்க்கிங்ல எவனாவது கோடு இழுத்துட்டுப் போவான். டிராஃபிக்ல ஆட்டோ பின்னாலதான் ஊர்ந்து போகணும். நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"எல்லாம் தெரியும் தம்பி," என்றாள் இராமலட்சுமி. "இத்தன வருசமா நான் இவுககிட்ட சொன்னதும் அதத்தான்."

ஸ்டான்லி சிரித்தான். அவள் தம்பியின் சிநேகிதன். பெங்களூரில் தனியாக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இது. இப்போது வீட்டில் கைக்குழந்தை. ரெண்டு சீட்டில் மூன்று பேர் எப்படி உட்காருவது என்று விற்கிறான்.

அவள் கணவர் கைலாசம் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இது பின் சக்கரத்துல ஓடுத வண்டிதானப்பா?"

"ஆமா அண்ணாச்சி. விஷயம் தெரிஞ்சவுகதான்."

"வளைவுல சொகமா இருக்கும்," என்றார் கைலாசம். கீறல் விழுந்துவிடக் கூடாதென்று மோதிர விரலை மட்டும் தூக்கிக்கொண்டு பானட்டைத் தடவினார்.

இராமலட்சுமியால் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கல்யாணமான புதிதில், மவுண்ட் ரோட்டில் ஒரு ஷோரூம் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திக் கண்ணாடி வழியாகக் காட்டினார். என்றைக்காவது இப்படி ஒன்று வாங்க வேண்டும் என்றார். நங்கநல்லூர் வாடகை வீட்டில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்கே கீழ்வீட்டுக்காரரோடு தகராறு. "வாங்கி எங்க நிப்பாட்டுதது? என் மடியிலயா?" என்று கேட்டாள். அவரும் சிரித்துவிட்டார்.

பதவி உயர்வு வந்தபோது மறுபடி பேச்செடுத்தார். "மஞ்சுவ எங்க உக்கார வைக்க? டிக்கியிலயா?" என்றாள். சாம்பல் நிறத்தில், ஐந்து பேர் போகிற மாதிரி ஒரு கார் வாங்கினார்கள்.

மகள் மஞ்சுவின் கல்யாணமும் முடிந்து, ஃப்ளாட்டுக் கடனும் தீர்ந்த பிறகு இன்னொரு முறை கேட்டார். இந்தத் தடவை தயங்கித் தயங்கி, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு. "இப்ப வாங்கலாம்லா லட்சுமி? நாம ரெண்டு பேருதான?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்பத்தஞ்சு வயசுல செவப்புக் காரா? ஊரு சிரிக்கும். போய் வேலையப் பாருங்க."

"சரி, நீ சொன்னா சரிதான்," என்று போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்போது கையில் வசதி இருந்தது. ஃப்ளாட்டில் நிறுத்த இடமும் இருந்தது. இல்லாமல் போனது அவள் வாயிலிருந்து ஒரு சொல்தான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க அண்ணாச்சி," என்று ஸ்டான்லி சாவியை நீட்டினான்.

இராமலட்சுமி கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "நான் ஓட்டுதேன் தம்பி. போன வருசம்தான் கத்துக்கிட்டேன். பைய போயிட்டு வந்திருவேன்."

ஸ்டான்லி அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். கைலாசம் இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வீடு இதுதான் என்பதுபோலச் சிரித்துக்கொண்டு ஸ்டான்லி கேட்டைத் திறந்துவிட்டான்.

குற்றாலம் ரோட்டில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கூரையைத் திறந்து வைத்தே ஓட்டினாள். தலைக்கு எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வேனுக்குள்ளிருந்து யாரோ, "ஆச்சி, கலக்குதிய," என்று கத்த, வேன் முழுக்கச் சிரிப்பு. ஊர் சிரித்தால் இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. இதற்காகவா வேண்டாமென்றோம்?

கைலாசம் சாரலுக்கு முகத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தார். கையைக் கதவுக்கு வெளியே காற்றில் மிதக்க விட்டிருந்தார். ஒரு வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியபோது வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

ஐந்தருவிக்கு முன்னால், மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்லாருக்கு."

"அப்ப இன்னிக்கே பேசி முடிச்சிருவோம். சென்னையில அடி தட்டுனா தட்டட்டும். கோடு விழுந்தா விழட்டும். தெனமும் காலையில கடற்கரை ரோட்டுல போயிட்டு வருவோம். நாம ரெண்டே பேரு. சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

கைலாசம் மெல்லத் திரும்பி அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. கொஞ்சம் கூச்சமும் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "நீங்க யாரோ என்னமோ, இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து அன்பாக் கேக்குதீங்க. ஆனா வேண்டாம். என் வீட்டுக்காரி இராமலட்சுமிக்கு இதெல்லாம் பிடிக்காது. அவள ஒரு வார்த்த கேக்காம நான் எதுவும் வாங்குததில்ல."