வெறும் தாழ்ப்பாள்

"இந்தத் தாழ்ப்பாள் வெறும் தாழ்ப்பாள் அல்ல" என்றார் பேராசிரியர்.

மேடையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

அவள் கதையைப் பற்றிப் பேச வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். முதலில் பேசியவர் அதைப் பெண்ணின் மொழி என்றார். அடுத்தவர் ஜனநாயகம் என்றார்.

ஜனநாயகமாம்! குளியலறைக் கதவுக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம்?

அவள் எழுதியது சின்னக் கதை. கூட்டுக் குடும்பத்தில் ஒருத்தி குளிக்கிறாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு மெல்லத் திறந்துகொள்கிறது. சாத்தினால் மறுபடியும் திறக்கிறது. காற்றுதான் என்கிறார்கள் வீட்டில்.

"அந்தக் காற்று, வரலாறு!" என்றார் பேராசிரியர்.

போதுமடா சாமி என்றிருந்தது.

முன்வரிசையில் அவள் கணவன் நெல்லையப்பன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பெருமை. பக்கத்தில் அவன் தம்பி கோமதிநாயகம். ஒரே வீடு, ஒரே குளியலறை.

தாழ்ப்பாள் போடச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. "நம்ம வீட்டுல வெளியாளா வந்து எட்டிப் பாக்கப் போறான்?" என்று சிரிப்பான் நெல்லையப்பன். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அதனால்தான் எழுதினாள். படித்தாவது அவனுக்கு உறைக்கட்டும் என்று.

படித்தான். குறியீடு பிரமாதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவளை ஏற்புரைக்கு அழைத்தார்கள். எழுதியவர் நாலு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு இறங்குவதுதான் வழக்கம்.

மைக்கைப் பிடித்தாள்.

"எங்க வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கெடையாது. கதையில காத்துன்னு எழுதிட்டேன். காத்து இல்ல அது."



"ஆகா!" என்றார் பேராசிரியர். "ஏற்புரையையும் குறியீடாக்கிவிட்டாரே!"

அரங்கமே கைதட்டியது. பாவிகளா, என்று அவளுக்குக் கத்தத் தோன்றியது.

கோமதிநாயகம் எழுந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தான். அவசரத்தில் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

நெல்லையப்பனின் செல்போன் மெல்லத் தாழ்ந்தது.

அவன் கைதட்டவில்லை. தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.