முதல் வரிசையில் ஓர் இடம்

"சுத்தி வளைக்காம சொல்லிடுங்க, கிரெய்க். அடுத்த வருஷம் எனக்கு இங்க வேலை இருக்கா, இல்லையா?"

டீன் கிரெய்க் ஹோல்கம் மேசை மேலிருந்த காபிக் கோப்பையை இந்தப் பக்கம் நகர்த்தினார். பிறகு அந்தப் பக்கம் நகர்த்தினார். மார்லிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்லிஸ் லிண்டால் மின்னசோட்டாவின் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருபத்தேழு வருஷமாக முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். பேராசிரியை அல்ல, வெறும் விரிவுரையாளர். டாக்டர் பட்டம் கிடையாது. வருஷா வருஷம் ஏப்ரலில் ஒப்பந்தக் கடிதம் வரும், கையெழுத்துப் போடுவாள். இந்த வருஷம் மே மாதம் பாதி போயும் கடிதத்தைக் காணோம்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல, மார்லிஸ். புதுசா ஒரு இருக்கை வருது. பழைய மாணவர் ஒருத்தர் பெரிய தொகை குடுத்திருக்கார். அந்தப் பணத்துல காலாகாலத்துக்கும் ஒரு பேராசிரியர் பதவி. முதலாண்டுக் கணக்கு மொத்தமும் அதுக்குக் கீழ போயிடும். பாஸ்டன்லேர்ந்து டாக்டர் விட்மோர் ஆகஸ்ட்ல வந்துடுவார். பெரிய ஆள்."

"அவ்வளவு பெரிய ஆள் வந்து நம்ம பசங்களுக்குப் பின்னம் கூட்டக் கத்துக்குடுக்கப் போறாரா?"

"அவர் ஆராய்ச்சி பண்ணுவார். வகுப்பையெல்லாம் அவரோட ஆராய்ச்சி மாணவங்க பாத்துப்பாங்க."

"அந்தப் பதவிக்கு நான் விண்ணப்பம் போடலாமா?" கேட்டுவிட்டு அவளே கூசிப்போனாள்.

"விதிப்படி டாக்டர் பட்டம் வேணுமே."

அந்தப் பட்டத்தை வாங்க வேண்டிய வயதில் அவள் பகலில் வகுப்பும் மாலையில் மளிகைக் கடை வேலையுமாக ஓடிக்கொண்டிருந்தாள். அதை இப்போது டீனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"கிரெய்க், என் வீட்டுக்காரர் வெர்னுக்கு நடுக்குவாதம்னு உங்களுக்குத் தெரியும். அவரோட மருந்து, டாக்டர் எல்லாமே என் வேலையோட வர்ற காப்பீட்டுலதான் ஓடுது. அவருக்கு அறுபத்தஞ்சு ஆக இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் அரசாங்கம் பாத்துக்கும். அதுவரைக்கும் என்னை ஏதாவது ஒரு மூலையில உக்கார வைங்க. நூலகத்துல புத்தகம் அடுக்கச் சொன்னாலும் அடுக்கறேன்."

"என் கையில எதுவும் இல்ல. பணத்துக்கான பத்திரம் போன வாரமே கையெழுத்தாயிடுச்சு."

"அப்ப குடுத்தவர்கிட்ட நான் பேசறேன். யார் அவர்?"

"விழா வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கார்." ஹோல்கம் கழுவுற மீனில் நழுவுற மீன். ஆனால் இதைச் சொல்லும்போது அவரால்கூட அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மூணு மணிக்கு அரங்கத்துல விழா. நீங்க அவசியம் வரணும். முதல் வரிசையில உங்களுக்கு இடம் போட்டிருக்கு."

"என் வேலைக்குக் கருமாதி. அதுக்கு எனக்கே முதல் வரிசையா?"

ஹோல்கம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "அப்புறம், உங்க அறை... வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிட்டா வசதியா இருக்கும்."

இருபத்தேழு வருஷமும் இரண்டு அட்டைப் பெட்டிகளில் அடங்கிவிட்டது. வெர்னிடம் எப்படிச் சொல்வது? அவன் கோபப்பட மாட்டான். நடுங்கும் கையால் அவள் கையைத் தட்டி, "பரவால்ல விடு, மருந்தைக் குறைச்சுக்கலாம்" என்பான். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

பணம் கொடுத்தவன்மேல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒரு பணக்காரன், தன் பெயர் சுவரில் நிற்க வேண்டும் என்பதற்காக அடுத்தவள் வயிற்றில் அடித்துவிட்டான். அவன் நன்றாயிருப்பானா? வாய்விட்டே சபித்தாள்.

விழாவுக்குப் போகாமல் வீட்டுக்குக் கிளம்பத்தான் நினைத்தாள். ஆனால் கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பது அந்த ஊரில் எவருக்கும் பழக்கமில்லை. பெட்டிகளைக் காரில் வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எலுமிச்சைக் கேக்கும் காபியும் தந்தார்கள். கேக்கை அவள் தொடவில்லை.

பல்கலைக்கழகத் தலைவர் கொடை, தாராளம், நன்றி என்று இருபது நிமிஷம் பேசினார். சுவரில் பெயர்த்தகட்டை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மார்லிஸ் மட்டும் குனிந்து கைப்பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் லிண்டால், என்னைத் தெரியுதா?"

நிமிர்ந்தாள். கோட்டு இறுக்கிப் பிடித்த ஒரு பெரிய உடம்பு எதிரே நின்றது. கைகள் மட்டும் கட்டடவேலைக்காரன் கைகள்.

"டுவேன். கணக்குல ரெண்டு தடவை கோட்டடிச்சு, மூணாவது தடவை உங்ககிட்ட வந்து பாஸானேனே, அந்த டுவேன். இப்ப எனக்கு நாலு ஊர்ல கான்கிரீட் கம்பெனி. போன வருஷம் மருந்துக்கடையில வெர்னைப் பார்த்தேன். கடிதம் வருமா வராதான்னு நீங்க வருஷா வருஷம் தவிக்கறதைச் சொன்னார். எனக்கு மனசே ஆறல. அதான் இந்தப் பணத்தைக் குடுத்தேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அவள் தோளைப் பிடித்து மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினான். பித்தளைத் தகட்டில் 'மார்லிஸ் லிண்டால் கணிதப் பேராசிரியர் இருக்கை' என்று எழுதியிருந்தது.

"இனிமே உங்களை இந்த இடத்தைவிட்டு எவனால அசைக்க முடியும், சொல்லுங்க?"